வெற்று மோதல்

ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியின் கணக்கர்
கமாலுதீன் பாஷா மாதா மாதம் ஐந்தாம் தேதி வருவார்.
பிளாஸ்மாவில் காட்டியெடுத்தால் தோலில் சாயம் நன்றாகப் பிடிக்கும்
என்று அவர் முதலாளியை யாரோ நம்பவைத்துவிட்டார்கள்.
அந்த யாரோ நான்தான்.

காட்பாடியில், ஏ.சி. ஒழுகும் ஓர் அறையில்,
ஆர்கான் வாயுவுக்குள் எலெக்ட்ரான்களை
ராப்பகலாய் விரட்டுகிறது என் கம்ப்யூட்டர்.
நிஜத்தில் அவை எண்ணி மாளாது.
என்னிடம் இருப்பவை நான்கு லட்சம்;
ஒவ்வொன்றும் பத்துக் கோடிப் பேர் சார்பில் ஓடுகிறது,
எம்.எல்.ஏ. மாதிரி.
வெளியே மே மாதம்.
பாலாற்றில் லாரி ஓடுகிறது.

பாஷா வரைபடங்களைப் பார்ப்பதில்லை.
கரண்ட் பில்லைப் பார்ப்பார், பிறகு தாளைப் பார்ப்பார்.
போன மாதம் ஒரு வரியில் விரலை வைத்தார்:
"தேர்ந்தெடுத்தது நூறு. மோதினது முப்பத்தேழு.
மீதி அறுபத்து மூணு எங்கம்மா?"

வெற்று மோதல், என்றேன்.

அதாவது,
வேகத்துக்கு வேகம் மோதும் வாய்ப்பு மாறும்.
நான்கு லட்சத்தையும் வரிசையில் நிறுத்தி
உன் வேகமென்ன, உன் வாய்ப்பென்ன என்று கேட்டால் விடிந்துவிடும்.
அதனால் இருப்பதிலேயே பெரிய வாய்ப்பை
எல்லோருக்கும் பொதுவாய் எழுதிவிட்டு
சீட்டுக் குலுக்கி நூறு பேரை எடுக்கிறோம்.
அவர்களிடம் மட்டும் விசாரணை.
பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஓர் எண்ணை உருட்டு:
சிறிதாய் விழுந்தால் திசை மட்டும் திரும்பும்,
கொஞ்சம் மேலே, அணு கிளர்ந்து ஒளிரும்,
இன்னும் மேலே, அணுவிலிருந்து இன்னோர் எலெக்ட்ரான்
பிய்த்துக்கொண்டு வரும்; அணுவுக்குரியதைக் கட்டிவிட்டு
மீதிச் சக்தியை இரண்டும் பங்கு பிரித்துக்கொள்ளும்,
வக்கீல் இல்லாமல்.
அதற்கும் மேலே விழுந்தால் ஒன்றுமில்லை.
வந்த வேகம். வந்த திசை.
போகலாம்.

"நடக்காத மோதலுக்கு நாங்க எதுக்கு பில் கட்டணும்?"

அதைச் சேர்க்காவிட்டால் பில் நாலு மடங்கு சார்.

கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைத்தார்.
"அப்போ நடக்காததே நடக்கட்டும்,"
கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் சத்துவாச்சாரி கோர்ட்.
தி. கிருபாவதி எதிர் தி. ஜெயசிங்.
தொரப்பாடி வீட்டுத் தெற்குச் சுவர் யாருக்கு என்பதில்
எட்டு வருஷமாய் எங்கள் இரண்டு பெயருக்கும் நடுவில்
அந்த 'எதிர்' உட்கார்ந்திருக்கிறது.
வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.
வாசலில் கூழ் வண்டி.
அண்ணன் ஒரு கையில் சொம்பும்
இன்னொரு கையில் கடித்த வெங்காயமுமாய் நின்றான்.
மீசை வெளுத்திருந்தது. அப்பாவின் மீசை
அந்த இடத்தில்தான் முதலில் வெளுத்தது.

பார்த்தான்.
வாய் நிறையக் கூழ்,
விழுங்கினால் ஏதாவது சொல்லியிருப்பான்.
எனக்கும் நாக்கில் ஒரு சொல் வந்து நின்றது,
என்ன சொல் என்று இப்போது நினைவில்லை,
அநேகமாக 'சாப்பிட்டியா'. கூழ் குடிக்கிறவனிடம்.
எங்கோ ஓர் எண் உருண்டு
மேலே போய் விழுந்தது.
ஆற்காடு பஸ் எங்கள் நடுவே வந்து நின்று
ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது
அவன் மோர்மிளகாய் எடுத்துக்கொண்டிருந்தான்.
நான் நடந்தேன். வந்த வேகம்.

ராத்திரி நிரலைத் திறந்தேன்.
வெற்று மோதலுக்கான கிளையில் ஒரு வரியும் இல்லை,
அடுத்த ஆளுக்குப் போ என்பதைத் தவிர.
அங்கே ஒரு வரி சேர்த்தேன்:
எந்த எலெக்ட்ரான், எந்த நொடி, எந்த இடம்,
எழுதி வை.
ஆர்கானுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.
தோலுக்கும், சாயத்துக்கும்.
ஓடவிட்டுப் படுத்தேன். காலையில்
வட்டு முக்கால்வாசி நிரம்பியிருந்தது.

ஐந்தாம் தேதி வருகிறது.
இந்தக் கோப்பு ஏம்மா இவ்வளவு பெருசு
என்று பாஷா கேட்பார்.